கந்தகச் சேற்றில் குடித்தனம்

நார்வேக்கு வடக்கே, பேரன்ட்ஸ் கடலின் ஓரத்தில், சுமார் 1,250 மீட்டர் ஆழத்தில் ஹோகோன் மோஸ்பி என்ற சேற்று எரிமலை இருக்கிறது. எரிமலை என்று பெயர்தான், நெருப்புக் குழம்பெல்லாம் கிடையாது. மீத்தேன் கலந்த சேறு பூமிக்குள்ளிருந்து பிதுங்கி வந்துகொண்டே இருக்கிறது. மேலே நிற்கும் கடல்நீரின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே. சேற்றின்மேல் ஆங்காங்கே வெள்ளை வெள்ளையாக பாக்டீரியாப் படலம் படர்ந்திருக்கும். அந்தப் படலத்துக்கு அடியிலிருந்த சேற்றை பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். பத்து சதுர சென்டிமீட்டரில், அதாவது ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கத்தைவிடச் சின்ன இடத்தில், 11,000-க்கு மேற்பட்ட நூற்புழுக்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே இனம். 2006-இல் வெளியான கணக்கு இது.

வாழைத் தோட்டம், தக்காளித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நூற்புழு புதிதல்ல. வேரில் முடிச்சு விழ வைக்கிற அதே பெரிய குடும்பத்தின் உறவுக்காரர்கள்தான் இவர்களும். ஓரிரு மில்லிமீட்டர் நீளம், நிறமில்லாத உடம்பு, மண்ணுக்குள் நெளிவதே வேலை. ஆனால் இவை குடியிருக்கும் சேற்றில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. மேலே சில மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. சாதாரணமாக எந்த விலங்கும் ஒதுங்கிப் போகவேண்டிய இடம். இங்கே அடுக்க இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

ஆழ்கடல் ஊற்றுகள் என்றதும் நமக்குக் காட்டப்படுவது வேறு படம். 1977 பிப்ரவரியில் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் ஆல்வின் நீர்மூழ்கி இறங்கியபோது, வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போனவர்கள் புவியியலாளர்கள். உயிரியலாளர் ஒருவர்கூடக் கப்பலில் இல்லை. அவர்கள் கண்டது ஆளுயரத்துக்கும் மேல் வளரும், சிவப்புக் கொண்டை வைத்த குழாய்ப்புழுக் கூட்டத்தை. வாயும் இல்லை, குடலும் இல்லை. அப்புறம் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு 1981-இல் ஹார்வர்டு மாணவி கொலீன் கவனா விடை சொன்னார்: உடம்புக்குள் குடிவைத்திருக்கும் பாக்டீரியாக்கள் சல்ஃபைடை எரித்து, அந்த ஆற்றலில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. சூரிய வெளிச்சத்தை நேரடியாக நம்பாத ஒரு உணவுச் சங்கிலி. அன்றிலிருந்து ஆவணப்படம் எடுப்பவர்களின் கேமரா அந்தச் சிவப்புக் கொண்டையை விட்டு நகரவே இல்லை.

அதில் தப்பில்லை, பார்க்க அழகான விலங்குதான். ஆனால் அந்தக் குழாய்களின் இடுக்கிலும் வெந்நீர் கக்கும் புகைபோக்கிப் பாறையின் சொரசொரப்பிலும் மீத்தேன் கசியும் சேற்றின் முதல் சில சென்டிமீட்டரிலும் இருக்கிற சின்னப் புழுக்கள்தான் இந்த இடங்களின் உண்மையான சிக்கலை நமக்குக் காட்டுகின்றன என்பது என் கட்சி. சிக்கல் இதுதான். பூமிக்குள்ளிருந்து வரும் நீரில் சல்ஃபைடு உண்டு, ஆக்சிஜன் இல்லை. கடல்நீரில் ஆக்சிஜன் உண்டு, சல்ஃபைடு இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பாக்டீரியாவுக்குப் பிழைப்பு. இரண்டும் கலக்கிற இடமோ மிக மெல்லிய ஒரு பட்டை. அந்தப் பட்டையும் ஒரே இடத்தில் நிற்காது, நீரோட்டம் மாறினால் அதுவும் நகரும். பாக்டீரியாவைத் தின்ன வரும் புழுவும் அங்கேதான் நின்றாகவேண்டும். சல்ஃபைடோ சயனைடு செய்கிற அதே வேலையைச் செய்யும் நஞ்சு. செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைப் பிடித்து அடைத்துவிடும். சோறு இருக்கும் தட்டிலேயே விஷமும் இருக்கிறது.

பெரிய குழாய்ப்புழு இதற்கு ரத்தத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஓரிடத்திலும் சல்ஃபைடை வேறோரிடத்திலும் பிடித்து, ஒன்றோடொன்று உரசாமல் உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சின்னப் புழுக்களின் தந்திரங்கள் இவ்வளவு பிரபலமில்லை. சுவாரசியத்தில் குறைச்சலும் இல்லை.

முதலில் வெப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 1979-இல் கிழக்குப் பசிபிக்கில் கரும்புகை கக்கும் ஊற்றுகளைக் கண்டபோது, ஆல்வினின் வெப்பமானிக் கம்பியே உருகிப்போனது. அந்த நீர் 350 டிகிரிக்கும் மேல். ஆழத்தின் அழுத்தம் கொதிக்க விடாமல் வைத்திருக்கிறது. அந்தப் புகைபோக்கிச் சுவரிலேயே குழாய் கட்டி வாழ்கிறது பாம்பேய்ப் புழு. நீளம் ஒரு சாணைக்கூட எட்டாது, முதுகில் பாக்டீரியாவால் ஆன சாம்பல் நிற ரோமம். 1998-இல் ஒரு குழுவினர் அதன் குழாய்க்குள் வெப்பமானியை நுழைத்துப் பார்த்தார்கள். அடிப்பக்கம் 81 டிகிரி, வாய்ப்பக்கம் 22 டிகிரி என்று காட்டியது. அவ்வளவுதான், 'உலகிலேயே அதிக வெப்பம் தாங்கும் விலங்கு' என்ற பட்டம் கிடைத்துவிட்டது. இன்றைக்கும் பல பொது அறிவுப் புத்தகங்களில் அதே வரி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் வெப்பமானி அளந்தது குழாய்க்குள் இருந்த நீரை. புழுவின் உடம்பு அந்தச் சூட்டில் இருந்ததா என்பது தனிக் கேள்வி. புழுவை உயிரோடு மேலே கொண்டுவருவதே பெரும்பாடு, அழுத்தம் குறைந்தால் வழியிலேயே செத்துவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அழுத்தம் குறையாமல் கொண்டுவரும் கலன் ஒன்றை உருவாக்கி, அதற்குள்ளேயே புழுக்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வந்தது: 42 டிகிரியில் தாக்குப்பிடித்தன, 50-ஐத் தாண்டியதும் இறந்தன. 50 டிகிரியும் சாதாரணமில்லை. என்றாலும் 81 எங்கே, 50 எங்கே? இதற்கு ஏழு வருடம் முன்பே, வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் யுவான் டி ஃபூக்கா முகட்டில் வாழும் இதன் சின்ன உறவினரான சல்ஃபைடுப் புழுவை வைத்து இன்னொரு சோதனை நடந்திருந்தது. ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்கும் அழுத்தத் தொட்டிக்குள் விட்டபோது, புழுக்கள் தாமாகவே நகர்ந்துபோய் 40 முதல் 50 டிகிரி வரையுள்ள பகுதியில் உட்கார்ந்துகொண்டன. 55-இல் கொஞ்ச நேரம்தான். புழுவே தேர்ந்தெடுத்துக் காட்டிய எண் என்பதால், குழாய்க்குள் கம்பி விட்டு அளந்ததைவிட எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இந்தக் குடும்பத்திலேயே இன்னொரு புழு 2025-இல் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. ஜப்பானுக்குத் தெற்கே ஒகினாவா கடற்பள்ளத்தில் இருக்கும் ஊற்றுகளில் சல்ஃபைடோடு ஆர்சனிக்கும் சேர்ந்து வருகிறது. அங்கே பாராஆல்வினெல்லா ஹெஸ்லெரி என்ற மஞ்சள் நிறப் புழு புகைபோக்கியின் சூடான பகுதியிலேயே ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வேறு விலங்குகள் அவ்வளவு நெருங்குவதில்லை. சீன அறிவியல் கழகத்தின் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழு, அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தோலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. தோல் செல்களுக்குள் மஞ்சள் மணிகள். சாதாரண நிறமி என்று விட்டுவிடாமல் மணிகளைச் சோதித்தபோது, அவற்றில் இருந்தது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த தாது. சித்த மருத்துவத்தில் அரிதாரம் என்று சொல்கிறோமே, அதேதான்.

நடப்பது என்னவென்றால், புழு ஆர்சனிக்கைத் தோல் செல்லுக்குள் சவ்வு கட்டிய சிறு பைகளில் சேர்த்து வைக்கிறது. உள்ளே ஊடுருவும் சல்ஃபைடு அங்கே அதைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்து கரையாத அரிதாரமாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. தனித்தனியாக இருந்தால் ஆளைக் கொல்லும் இரண்டு நஞ்சுகள், சேர்ந்ததும் செல்லுக்குப் பெரிய தொந்தரவு தராத துகளாகிவிடுகின்றன. சில புழுக்களின் உடல் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஆர்சனிக்காகவே இருந்தது என்கிறது அந்த ஆய்வு.

சரி, மறுபடியும் குளிர்ந்த சேற்றுக்குப் போவோம். ஹோகோன் மோஸ்பியின் நூற்புழுவுக்கு இப்படித் தாதுப் பை எதுவும் தெரியவரவில்லை. அதன் தந்திரம் வேறு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஹாலோமொன்ஹிஸ்டெரா ஹெர்மெசி என்று இப்போது தனி இனமாகப் பெயரிட்டிருக்கிறார்கள். அதன் நெருங்கிய உறவு இனம் வடமேற்கு ஐரோப்பாவின் கழிமுகங்களில், கரையொதுங்கி அழுகும் கடற்பாசியில் கிடைக்கிறது. கரையில் இருப்பது வழக்கமாக முட்டையை வெளியே இட்டுவிடும். ஆழத்தில் இருப்பது அப்படிச் செய்வதில்லை. முட்டைகளை உடம்புக்குள்ளேயே வைத்து, குஞ்சு உருவாகும்வரை சுமக்கிறது. நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணாடி மாதிரித் தெரியும் தாயின் உடம்புக்குள்ளே சுருண்டு படுத்திருக்கும் குஞ்சுகளைப் பார்க்கலாம். சல்ஃபைடு நிறைந்த சேற்றில் முட்டையை விட்டால் அதற்கு நகரத் தெரியாது. தாய்க்கோ ஆக்சிஜன் இருக்கும் பக்கம் நெளிந்துபோகத் தெரியும், குஞ்சும் கூடவே போகும். நூற்புழு என்றால் முட்டையிட்டுவிட்டு மறந்துவிடும் பிராணி என்று நினைத்திருந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். 2006 ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் பிள்ளை பேணும் நூற்புழு என்று குறிப்பிட்டார்கள்.

அது தின்பது அந்த வெள்ளைப் படலத்தின் பாக்டீரியாவைத்தான் என்பதைக் கார்பனை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மீத்தேனிலிருந்து வரும் கார்பனில் கனமான ஐசோடோப்பின் (அதே கார்பனில் எடை கூடிய வகை அணுவின்) அளவு குறைவாக இருக்கும். அந்தக் குறைவு பாக்டீரியாவிலும் தெரியும், அதைத் தின்ற புழுவின் உடம்பிலும் தெரியும். கடலின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்து வரும் பாசித்துகளைத் தின்று வாழ்ந்தால் அந்த முத்திரை வராது.

வேறு சில நூற்புழுக்கள் பாக்டீரியாவைத் தின்பதோடு நிறுத்தாமல் கூடவே வைத்துக்கொண்டிருக்கின்றன. வட கடலில் மீத்தேன் கசியும் ஒரு பள்ளத்திலிருந்து 1993-இல் விவரிக்கப்பட்ட அஸ்டோமொனெமா இனத்துக்கு வாயே கிடையாது. குடல் இருக்கவேண்டிய இடத்தில் பாக்டீரியா அடைந்து கிடக்கிறது. பெரிய குழாய்ப்புழு செய்ததை ஒரு நூற்புழு தன் அளவில் தனியாகச் செய்திருக்கிறது. அட்லாண்டிக் நடு முகட்டில் லக்கி ஸ்ட்ரைக் ஊற்றுப் பகுதியில், சுமார் 1,700 மீட்டர் ஆழத்தில், ஓங்கோலைமஸ் டைவே என்ற இனம் இருக்கிறது. 2019-இல் பெயர் கிடைத்தது. அதற்கு வாயும் உண்டு, ஆனால் தோலின்மேலும் குடலிலும் கந்தகத்தை எரிக்கும் வகை பாக்டீரியாக்கள் இருந்தன. கூட்டுக் குடித்தனமா, வெறும் ஒட்டிக்கொண்டிருப்பவையா என்பதில் ஆராய்ச்சி தொடர்கிறது.

கசிவு என்றாலே மீத்தேன்தான் முக்கியம் என்று தோன்றும். ஆனால் நுண்ணுயிர்களின் உதவியில்லாமல் மீத்தேனை நேரடியாக உணவாக்கிக்கொள்ளும் விலங்கு கிடையாது. சேற்றுக்குள் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் ஒரு வகை பாக்டீரியாக்களும் கூட்டாகச் சேர்ந்து, ஆக்சிஜன் இல்லாமலேயே மீத்தேனை எரிக்கின்றன. கழிவாக வெளியே வருவது சல்ஃபைடு. ஊற்றில் பாறையும் வெந்நீரும் தருவதைக் கசிவில் நுண்ணுயிர்கள் தருகின்றன. அதனால்தான் வெப்பத்தில் 300 டிகிரிக்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு இடங்களிலும் உறவுக்காரப் புழுக்களே குடியிருக்கின்றன.

இந்த ஆர்க்கியாவைத் தின்னும் ஆளும் உண்டு. டார்விலிட் என்று சொல்லப்படும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள, தாடை வைத்த குட்டிப் புழுக்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் உள்ள ஹைட்ரேட் முகட்டிலும் கோஸ்டா ரிகாவின் கசிவுகளிலும் இவை ஏராளம். பாக்டீரியாவை விலங்குகள் தின்பது பழைய சங்கதி, ஆர்க்கியாவையும் தின்று வளரமுடியும் என்று 2012-இல்தான் காட்டினார்கள். மீத்தேன் கடல்நீரில் கலந்து மேலே போகாமல் தடுப்பதில் இந்த ஆர்க்கியாக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், அவற்றை மேய்கிறவர் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஒரே கசிவில் பல டார்விலிட் இனங்கள் அடுத்தடுத்துக் குடியிருப்பதும் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் லிசா லெவினைப் போன்றவர்கள் பல வருடமாக அலசிவரும் புதிர். பக்கத்திலேயே இருந்தாலும் ஒன்று தின்பதை மற்றது தின்பதில்லை, நஞ்சைத் தாங்கும் அளவிலும் வித்தியாசம் உண்டு.

மெக்சிகோ வளைகுடாவில் 1997 ஜூலையில் சார்லஸ் ஃபிஷர் குழுவினர் கண்ட பனிப்புழுவையும் விட்டுவிட முடியாது. சுமார் 540 மீட்டர் ஆழத்தில், மீத்தேனும் நீரும் சேர்ந்து உறைந்த கட்டிக்குள் குழி பறித்துக்கொண்டு இளஞ்சிவப்புப் புழுக்கள். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் நீளம். பக்கவாட்டுத் துடுப்புகளை அசைத்துக் குழிக்குள் நல்ல நீரை இழுத்துக்கொள்கின்றன, கட்டியின்மேல் வளரும் பாக்டீரியாவை மேய்கின்றன. மீத்தேன் பனிக்கட்டியைப் புழு தின்கிறது என்று பத்திரிகைகளில் வந்தது மிகை.

இதையெல்லாம் எண்ணிச் சொல்கிறார்களே, எப்படி? ரோபோவின் கை ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செங்குத்தாகக் குத்தி, கலையாமல் உருவி எடுக்கிறது. கப்பலில் அந்தச் சேற்றை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக வெட்டி, ஃபார்மலினில் போடுகிறார்கள். ஆய்வகத்தில் முதலில் ஒரு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை, கீழே 32 மைக்ரான் கண் உள்ள சல்லடை. மேலதில் தங்குவது பெரிய பிராணிகள். கீழதில் தங்குவதுதான் நம் ஆட்கள். ரோஸ் பெங்கால் சாயம் விட்டால் சேறு அப்படியே இருக்க, புழு மட்டும் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். அப்புறம் ஒருவர் நுண்ணோக்கியில் குனிந்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கிளிசரினில் ஊறவைத்துக் கண்ணாடித் தகட்டில் படுக்க வைக்கவேண்டும். இனம் சொல்ல வாலின் வடிவம், வாய்க்குள் இருக்கும் பல், ஆணின் இனப்பெருக்கக் குச்சியின் வளைவு என்று பார்க்கவேண்டும். ஒரு குழாய்ச் சேற்றுக்கே வாரக்கணக்கில் ஆகலாம். குழாய்ப்புழுவின் புகைப்படம் எடுக்கச் சில நொடி போதும். யாருக்கு விளம்பரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டாம்.

ஊற்றுகள் நிரந்தரமும் இல்லை. கிழக்குப் பசிபிக் முகட்டில் 9 டிகிரி வடக்கே 1991-இல் எரிமலை வெடித்து, அங்கிருந்த கூட்டமெல்லாம் குழம்பில் புதைந்தது. 1993 டிசம்பருக்குள் புதுக் குழாய்ப்புழுக்கள் ஒன்றரை மீட்டருக்கு வளர்ந்து நின்றன. அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வரக்கூடியவை. நூற்புழுவுக்கு அப்படி மிதக்கும் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வருவதே குட்டி நூற்புழுதான், நன்றாக நீந்தவும் தெரியாது. இருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊற்றில் அதே இனம் கிடைக்கிறது. அடித்தள நீரோட்டம் கிளப்பும் சேற்றோடு போகிறதா, வேறு பிராணிகளின்மேல் தொற்றிப் போகிறதா என்று பல யோசனைகள் உண்டு.

இன்னொரு வழியையும் இப்போது பேசுகிறார்கள். 2023-இல் வியன்னா பல்கலைக்கழகத்தின் மோனிகா பிரைட் தலைமையில், அதே கிழக்குப் பசிபிக் முகட்டில் 2,515 மீட்டர் ஆழத்தில், ரோபோவை வைத்துக் கடற்தளத்தின் எரிமலைப் பாறைப் பலகைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள பொந்துகள், உள்ளே வெதுவெதுப்பான நீர், அதில் குழாய்ப்புழுக்களும் நத்தைகளும் வேறு புழுக்களும். 2024-இல் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, புழுக்குஞ்சுகள் தளத்துக்கு அடியில் ஓடும் நீரோடு போய்க் குடியேறக்கூடும். நாற்பது வருடமாகப் பார்த்துப் பழகிய இடத்தில் இப்படியொரு கீழ்வீடு இருப்பது யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கடலிலும் இந்த வேலை ஆரம்பித்துவிட்டது. கிருஷ்ணா-கோதாவரி படுகையில் மீத்தேன் ஹைட்ரேட், அதாவது பனிப்புழு குழி பறிக்கிறதே அந்த மாதிரி உறைந்த கட்டி, நிறைய இருப்பது 2006 துளையிடும் பயணத்திலிருந்தே தெரியும். 2018-இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே உயிர்ப்புள்ள கசிவுகளைக் கண்டார்கள். 2024 டிசம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றைப் படமெடுத்ததாக அறிவித்தன. இதற்குப் பின்னால் புழு ஆர்வத்தைவிட உலோக ஆர்வம் அதிகம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. சர்வதேசக் கடற்தள ஆணையத்தோடு 2016-இல் இந்தியா போட்ட ஒப்பந்தம், 10,000 சதுர கிலோமீட்டரில் செம்பும் துத்தநாகமும் கலந்த சல்ஃபைடுத் தாதுக்களை ஆராய்வதற்கானது. அந்தத் தாதுதான் புகைபோக்கி.

தோண்டப்போகிறவர்கள் முன்கூட்டியே உயிர்க் கணக்கு எடுக்கவேண்டும் என்று ஆணையத்தின் வழிகாட்டுதல் கேட்கிறது. 32 மைக்ரான் சல்லடையில் தங்குகிறவர்களும் அதில் சேர்த்தி. வெந்நீர் நின்றுபோன புகைபோக்கியை மட்டும் எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஒரு வாதம் அடிக்கடி வைக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய பிராணிகள் அங்கே குறைவு என்பது நிஜம். ஆனால் நூற்புழுக்கள் அங்கேயும் இருக்கின்றன, உயிர்ப்புள்ள ஊற்றில் இருப்பவையிலிருந்து வேறான கூட்டமாக. ஒப்பந்தப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் அளந்துவிடலாம். அதற்குள் இருக்கும் புழுக்களின் பட்டியலை, இந்தியப் பெருங்கடலைப் பொறுத்தவரை, ஏறக்குறைய முதல் பக்கத்திலிருந்தே எழுதவேண்டும். அதற்கு ஊசி பிடித்துப் பொறுக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் எல்லா நாட்டிலும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.